பம்புத் தண்ணீர் தெளித்த இலை

எனக்குச் சுருட்டு சுற்றத் தெரியும். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து புகையிலை நரம்பு உரித்த அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் முதலில் அம்மா மேல். அப்புறம் என் மேல். மிச்சம் மீதி இருந்தால் அது ஊருக்கு.

அம்மா நெருப்பை வாய்க்குள் வைத்துச் சுருட்டுக் குடிப்பவள். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பற்றவைத்த முனை வாய்க்குள்ளே இருக்கும், பற்றாத முனை உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பொம்பளைகள் சில பேருக்கு அதுதான் பழக்கம். ஈரத்தோடு கரையேறி வீட்டுக்கு நடக்கும்போது காற்று அதை அணைக்காது, தலையில் இருந்து சொட்டுகிற தண்ணீர் நனைக்காது, வெடவெடக்கிற தாடைக்குக் கொஞ்சம் சூடும் கிடைக்கும். இதில் ஒரு வித்தையும் இல்லை.

ஆனால் பூநாரை பார்க்கக் கேமராவோடு வருகிறவர்களுக்கு இது பெரிய வித்தை. அம்மாவைக் கண்டுவிட்டால் பறவையை மறந்துவிடுவார்கள். "ஆயா, இன்னொரு தடவை உள்ள வைங்க, இந்தப் பக்கம் திரும்பி வைங்க" என்பார்கள். இவளும் வெட்கமில்லாமல் வைத்துக் காட்டுவாள். கை தட்டுவார்கள். ஒருத்தராவது அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதுண்டா? சரி, அவர்களை விடுங்கள். என் வீட்டிலேயே அவளை வைத்திருந்த நான் பார்த்தேனா?

ஒருநாள் நண்டுக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு அம்மா துப்பினாள். காரம் என்றாள். மறுநாள் ரசத்தையும் காரம் என்றாள். நான் அவள் தாடையைப் பிடித்துத் திறந்து செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். மேலண்ணத்தில் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஒட்டியதுபோல ஒரு திட்டு. அதன்மேல் சிவப்புப் புள்ளிகள். அந்த வாரமே எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்க முகாம் போட்டிருந்தார்கள். அம்மாவை இழுத்துக்கொண்டு போய்க் கடைசி ஆளாக உட்கார வைத்தேன். பார்த்த டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் அதில் துளி சதை கிள்ளிப் பரிசோதிக்க வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்றார்.

அம்மா மறுப்பாள் என்று சண்டைக்குத் தயாராகத்தான் வீட்டுக்கு வந்தேன். அவள் மறுக்கவில்லை.

"வர்றேன். வரமாட்டேன்னா சொன்னேன்? ஆனா போறதுக்கு முன்ன ஒரே ஒரு நல்ல சுருட்டு குடிச்சுட்டு வர்றேன். வாய்ல கத்தி வச்சுட்டா அப்பால எங்கேர்ந்து குடிக்கிறது?"

"எந்தக் கடையில போயி வாங்க? எங்கியும் இல்லியே."

"கடையில இன்னாத்துக்கு? நீ சுத்திக் குடு. நான் சொல்லித் தர்றேன்."

குட்கா பிடிக்க வந்தவர்கள் எங்கள் ஊர்க் கடையில் இருந்த சுருட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் கடைக்காரரும் சரி, சுற்றுவட்டாரக் கடைக்காரர்களும் சரி, அதை வைப்பதில்லை. அம்மா பீடியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு பொகையா என்று திட்டிக்கொண்டிருந்தாள். அவளால் சுற்ற முடியாது. கெளுத்தி முள் குத்திச் சீழ் பிடித்து, வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்தக் கையோடும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஏரியில் இறங்குவாள்.

"சுருட்டு சரியா வந்து நெருப்பு நின்னுச்சுன்னா வருவியா?"

"நெருப்பு நின்னா மறுநாளே பஸ் ஏறுவேன். ஏரி மேல சத்தியம்."

எங்கள் அம்மா ஏரி மேல் செய்த சத்தியத்தை மீறி நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஒத்துக்கொண்டேன். வாயில் புண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறவளுக்கு என் கையாலேயே விஷத்தைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் ஆஸ்பத்திரி. கேட்கவே கேவலமாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இலை ஆரம்பாக்கத்தில் ஒரு கடையில் கிடைத்தது. ஆந்திரப் பக்கத்து இலை, கடைக்காரர் விளக்குமாறு மாதிரி கட்டிக் கூரையில் தொங்கவிட்டிருப்பார். பையில் வைத்துக்கொண்டு ரயிலில் வரும்போதே பக்கத்துச் சீட்டில் இருந்தவர்கள் தும்ம ஆரம்பித்தார்கள். வீட்டில் கட்டைப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர்தான். இரண்டு மாதமும் அவருக்கு வாசல்தான்.

காய்ந்த இலை தொட்டால் அப்பளமாக நொறுங்கும். அதைத் துணி போல மடங்க வைக்க வேண்டும். அதுதான் பதம், அது வந்தால்தான் மற்றதெல்லாம். அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள், நான் கீழே உட்கார்ந்து செய்வேன்.

"ஊத்தாத. தெளி. வாசத் தெளிக்கிற மாதிரி இல்ல, இன்னும் பொடிசா. விரலைச் சுண்டு."

நான் பம்புத் தண்ணீர் வாளியில் கையை நனைத்துச் சுண்டினேன்.

எங்கள் பம்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உப்பு. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது குடிக்கிற தண்ணீராகத்தான் இருந்தது. எதனால் உப்பானது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், தண்ணீர் உப்பாகவேதான் இருக்கிறது. சட்டி கழுவ, துணி துவைக்க பம்பு. குடிக்க, சமைக்க கேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது ஊரில் எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், என் வேலையே அதுதான். ஆனால் கேன் தண்ணீரை யாராவது புகையிலைக்குச் செலவழிப்பார்களா? அப்படி ஒரு எண்ணமே எனக்கு வரவில்லை. வாளி பக்கத்தில் இருந்தது, கையை விட்டேன்.

தெளித்த இலையை அடுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி மூன்று நாள் விட வேண்டும். உள்ளே அது புழுங்கிச் சூடாகும். பிரிக்கும்போது ஆவி முகத்தில் அடித்துக் கண் எரியும். அப்புறம் நுனியில் கிள்ளி நடு நரம்பை ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். கிழியாத இலையைப் போர்வைக்கு எடுத்து வைத்து, கிழிந்ததை உள்ளே திணிக்க வேண்டும். பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி, சோற்றுக் கஞ்சி தொட்டு ஓரத்தை ஒட்டி, நூல் கட்டி, முறத்தில் நிழலில் காய விட வேண்டும். ஈர இலையை வெறுங்கையால் அளைந்ததில் முதல் நாள் எனக்குத் தலை சுற்றி, குமட்டி, பம்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் குழந்தை தட்டை மோந்து பார்த்துவிட்டு, "ஆயா, சோறு கலீஜா இருக்குது" என்றது. அந்தக் குழந்தையிடம் கத்தினேன். யாரிடம் கத்தியிருக்க வேண்டுமோ அவள் வீட்டில் இருந்தாள்.

முதல் தடவை சுற்றியது பற்றவே மாட்டேன் என்றது. ஒருவழியாகப் பற்றவைத்து வாய்க்குள் வைத்தால் மூன்று இழுப்பில் அணைந்தது. அம்மா அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பதம் பத்தலடி. இன்னும் ரெண்டு நாள் புழுங்க வுட்டிருக்கணும்."

இரண்டாவது கட்டு வாங்கி வந்தேன். ஐந்து நாள் புழுங்க விட்டேன். அதுவும் அணைந்தது.

"பதம் ஜாஸ்தியாப் பூட்ச்சு. உன் கை சூட்டுக் கை."

மூன்றாவது கட்டு. நரம்பு சரியாக உரிக்கவில்லை என்றாள். உருட்டியதில் இறுக்கம் இல்லை என்றாள். ஒவ்வொரு தடவையும் நான் அந்த வாளியில் கையை விட்டு விரலைச் சுண்டுவேன், அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நடுவில் நான் அவள் வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். திட்டின் ஓரம் பல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ராத்திரி பகலாக என் மண்டைக்குள் டாக்டர் சொன்ன "நாள் கடத்தாதீங்க" ஓடிக்கொண்டிருந்தது. நான் இலையோடு மல்லுக்கு நின்றேன். சுருட்டே இல்லாமல் இவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவதும் அணைந்ததும் எனக்கு வந்த கோபத்தில் அணைந்த சுருட்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக ஆரம்பாக்கம் போனேன். மட்ட இலையைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவே செய்துவிட்டேன். கடைக்காரர் வயதானவர், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்தச் சுருட்டை வாங்கி நடுவில் ஒடித்து, ஒரு துணுக்கை நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"இன்னா தண்ணிம்மா தெளிச்சே?"

"பம்புத் தண்ணி."

"ஏரிக்கரையில இருந்துக்கினு பம்புத் தண்ணி தெளிச்சியா? உப்பு ஏறின இலையில நெருப்பு எப்படி நிக்கும்? நல்ல தண்ணி தெளிக்கணும்னு உங்க ஊர்ல சுருட்டு குடிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியுமே. வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா?"

"அம்மா இருக்காங்க."

"நீ தெளிக்கும்போது பாத்துக்கினா இருந்தாங்க?"

அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட நினைவில்லை. இன்னொரு கட்டு இலை வாங்கினேன், அது மட்டும் நினைவிருக்கிறது. பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ், திருப்பாலைவனத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. வழி முழுக்க வாய்க்குள்ளேயே அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். மூன்று கட்டு இலை. நாற்பது நாள். அந்தத் திட்டு நகர்ந்த நாற்பது நாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து பறி முடைந்துகொண்டிருந்தாள். பறி என்பது இறால் போடுகிற ஓலைக் கூடை. தண்ணீரில் இரண்டு கையும் சேற்றைத் தடவுவதால், பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். பிடித்த இறாலை அதில் போட்டுக்கொண்டே போக வேண்டும். நானும் கல்யாணம் வரை அப்படித்தான் பிடித்தேன். மடங்கிய விரலால் ஓலையை இழுக்க முடியாமல் அம்மா அதையும் பல்லால்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உப்புத் தண்ணின்னு உனக்குத் தெரியும், இல்ல?"

அவள் ஓலையை வாயில் இருந்து எடுக்கவில்லை.

"மூணு தபா நான் அந்த வாளியில கைய வுட்டேன். பாத்துக்கினுதான இருந்தே? கை சூடுன்னு சொன்னியே, இறுக்கம் இல்லன்னு சொன்னியே, வாந்தி எடுத்தேனே பம்படியில, அப்பகூட சொல்லணும்னு தோணலியா?"

"தெரியும்டி."

அவ்வளவுதான் சொன்னாள். நான் கையில் இருந்த புகையிலைக் கட்டைச் சுவரில் அடித்தேன். இலை நொறுங்கி வீடெல்லாம் பறந்தது. நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். பெற்ற தாயைச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். ஏரி மேல் செய்த சத்தியத்தை ஏய்க்க என்னைக் கருவியாக்கினாயே என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"கைதான் இப்படி ஆயிப்பூட்ச்சு. இந்த வாய் இருக்கப் போயிதான் இன்னும் ஏரில எறங்கறேன். ஆஸ்பத்திரிக்குப் போனா மேல்வாயை அறுத்துடுவாங்க. அப்பால பறிய எதுல கடிக்கிறது? நான் கரையில குந்திக்கினு இன்னா பண்ணுவேன், சொல்லு."

"செத்துட்டா மட்டும் எறங்குவியா?"

"அதுவரைக்கும் எறங்குவேன் இல்ல?"

அவளுக்குப் பயம் ஆஸ்பத்திரி இல்லை, கத்தி இல்லை, சாவுகூட இல்லை. கரையில் உட்கார்ந்திருப்பதுதான் பயம். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது. என்னிடம் வாய் திறந்து இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

தரையில் கிடந்த இலையில் உருப்படியானதைப் பொறுக்கினேன். உடைக்காத கேன் ஒன்றை உருட்டி வந்து, அவள் கண் முன்னால் மூடியைப் பிய்த்து, ஒரு குண்டான் நிறைய ஊற்றினேன். விரலைச் சுண்டித் தெளித்தேன். சாக்கில் சுற்றி மூன்று நாள், உரித்து உருட்டி, நிழலில் ஒரு வாரம். அந்தப் பத்து நாளும் அவளுக்குச் சோறு வைத்தேன், துணி துவைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு சுருட்டுத் தேறியது. காலையில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். பற்றவைத்தாள், ஊதிக் கனலைப் பார்த்தாள், வாய்க்குள் வைத்துக்கொண்டாள். நான் எதிரே நின்றேன். நெருப்பு நிற்க வேண்டும், நின்றால்தான் நாளைக்குப் பஸ். அணைந்துபோகட்டும், அந்தத் திட்டு மேல் என் கையால் வைத்த கனல் படாமல் போகட்டும். இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொண்டு நின்றேன். நெருப்பு நின்றது. கடைசிவரை நின்றது. துண்டை எடுத்து மிதித்துவிட்டு, "நல்லாக் கீதுடி" என்றாள். அவ்வளவு கோபத்திலும் அந்த ஒரு வார்த்தை எனக்கு இனித்தது. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, பையோடு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் துளி சதை கிள்ளி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மேலண்ணத்தில் ஒரு பக்கத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, முன்னாடியே வந்திருந்தால் கொஞ்சமாக முடிந்திருக்கும் என்றார். பிறகு அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க? இவங்களுக்குச் சுருட்டு யார் கொடுக்கறது?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இவளுக்கு இன்னாமா தெரியும்?" என்றாள் அம்மா. "சுத்திக் குடுடீன்னு நான்தான் பேஜார் பண்ணேன். இவ சுத்தினது ஒண்ணுகூடப் பத்திக்கல. இவ கைக்கு அது வராது."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதப் போய்விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் மிச்சம் இருந்த ஐந்து சுருட்டையும் பம்பு வாளியில் போட்டு முக்கினேன்.

ஆபரேஷன் நடந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவின் மேல்வாயில், அறுத்தெடுத்த இடத்தை மூட, இப்போது கழற்றி மாட்டுகிற தட்டு இருக்கிறது. பேச்சு மூக்கால் வருகிறது. சுருட்டு இல்லை. தட்டு கழன்றுவிடும், பல்லால் எதையும் கடித்து இழுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு மாதம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். அவள் என்னோடு சண்டை போடாத அந்த மாதத்தைப் போல எனக்கு எதுவும் பயமாக இருந்ததில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளிக்கூடம் இல்லாத நாளில், நானும் அவளும் ஏரியில் இறங்குகிறோம். பறியை நான் கடித்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் கயிறு பல்லில் உறுத்துகிறது, தாடை வலிக்கிறது. அவள் எனக்கு முன்னால் குந்தி நகர்ந்து, மடங்கிய விரலோடு சேற்றைத் தடவி, கிடைத்த இறாலைத் திரும்பிப் பறியில் போடுகிறாள். போடும்போதெல்லாம் மூக்கால் திட்டுகிறாள். கிட்ட வா, பறியைச் சாய்க்காதே, உனக்கு எதுதான் உருப்படியா வருது என்கிறாள்.

எனக்கும் அவளிடம் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த நாற்பது நாளைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். கடித்துக்கொண்டு அவள் பின்னால் நகர்கிறேன்.